டாக்டர் அவளைத்தான் கேட்டார்

என் மகளின் இடது கை உடைந்த அன்று, எப்படி ஆயிற்று என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

இதை நான் பல இடங்களில் தொடங்கிப் பார்த்துவிட்டேன். கல்யாணத்தில் தொடங்கினால் என்மேல் எனக்கே இரக்கம் வருகிற மாதிரி அமைந்துவிடுகிறது. கோர்ட்டில் தொடங்கினால் கோபமெல்லாம் கோர்ட்டின்மேல் போய்விடுகிறது. அதனால் ஆஸ்பத்திரியில் தொடங்குகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. பிறப்பு, கல்யாணம், இறப்பு பதிவு செய்கிற ஆபீஸில் நான் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் அதை இன்னும் எத்தா சிவில் என்றுதான் சொல்வார்கள். முற்பகல் வேளை. பழைய பதிவேடு ஒன்றைப் பிரித்து வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் என் மகளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அம்மாள், பஸ் பிடித்து வந்து வியர்த்துப்போய் என் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், ஒங்க பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க. ஒங்களக் கூப்டச் சொல்லிச்சு."

"என்னாச்சும்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க போங்க சார். போய்ப் பாருங்க."

சைக்கிளில் போனேன். மருமகன் வாசலிலேயே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. "படியில வழுக்கி விழுந்துட்டா மாமா. காலைலயே தண்ணி ஊத்திக் கழுவி வுட்டிருக்கா. சொன்னா எங்க கேக்கிறா" என்றார். அவர்கள் இருந்தது தரைத்தளம். வாசலில் இரண்டே இரண்டு படிகள். இது அந்த நிமிஷமே எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது.

உள்ளே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், தூங்குகிற குழந்தையை வைத்திருப்பதுபோல. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். மருமகனும் நானும் கூடவே போனோம்.

சின்ன வயசு டாக்டர். துண்டை மெதுவாக அவிழ்த்தபடி, "எப்படிம்மா ஆச்சு?" என்றார்.

அவள் மூச்சை இழுத்தாள். பேசப்போகிறவர்கள் இழுக்கிற மூச்சு அது.

"படியில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்றேன் நான்.

"நான் அவங்களக் கேட்டேன்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. விரலால் அவள் முன்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "விழுறவங்க கைய ஊனுவாங்க. மணிக்கட்டுலதான் உடையும். இது நடுவுல உடைஞ்சிருக்கு. மேல ஏதாவது வந்து பட்டாத்தான் இங்க உடையும். தலையில படாம இருக்கக் கையத் தூக்குனா இப்படி ஆகும். ஏம்மா, சொல்லு."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஈரப் படி டாக்டர்" என்றேன். "படி விளிம்புல பட்டிருக்கும்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. ஆனா அதான் நடந்துது."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தார். பிறகு விபத்துப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். எதிரில் நிற்பவர்கள் எழுதுவதைத் தலைகீழாகப் படிக்க எனக்குத் தெரியும், தொழில் அப்படி. வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. யார் சொன்னது என்று இல்லை.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் அவுட்போஸ்ட். அடித்ததாக எழுதினால் சீட்டு அங்கே போகும். மருமகனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கவர்ன்மென்ட் வேலை, உடனே சஸ்பெண்டு. அதற்கப்புறம் அவர் இவளை வைத்துக்கொள்வாரா? இவள் என்னோடு வந்து உட்கார்ந்தால், எனக்குப் பிறகு இவளுக்கு யார்? இவளுடைய அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது இவளுக்குப் பதினொரு வயசு. அன்று முதல் எனக்கு ஒரே கவலைதான், எனக்குப் பிறகு யார் என்பது. அந்தக் கவலைதான் வாயைத் திறந்தது. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

மாவுக்கட்டு போட்டு முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான் சமைத்துப் போட்டேன், துணி துவைத்தேன். ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாது. நான் பின்னிவிடுகிறேன் என்றேன். "வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பின்னாமலே விட்டுவிட்டாள். தண்ணி வேணுமா, மில் சங்கு ஊதிடுச்சா, மாத்திரை போட்டியா. இவ்வளவுதான் பேச்சு. அவள் அம்மா போனதிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான். ஒருவர் மனதை ஒருவர் புண்படுத்தக் கூடாது என்று இரண்டு பேருமே பேசாமலிருக்கப் பழகியிருந்தோம். அதைப் பாசம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாமா, அன்னிக்கு டாக்டர்கிட்ட கரெக்டா பேசுனீங்க. நான்கூட பயந்துட்டேன். பெரியவங்க பெரியவங்கதான்."

அந்த மனிதர் என்னைப் பாராட்டுகிறார். நானும் அவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிவிக்கிறார்.

உள்ளேயிருந்து என் மகள் வந்து அறை வாசலில் நின்றாள். கழுத்தில் தூளி கட்டிய கை. "நான் போலீசுக்குப் போறேன்ப்பா" என்றாள்.

மருமகன் சிரித்தார். "போயி? ஒங்க அப்பாவே சொல்லியிருக்காரு, நீ விழுந்தன்னு."

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றியா, நான் போவட்டுமா?" என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் வயசானவர். சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்னம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று ஆரம்பித்தார். "நடந்தத சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். முதல் வாக்கியம், "அன்னிக்குக் காலைல அவருக்கு டிபன் எடுத்து வச்சேன்" என்பது. அந்த இடத்தில் நான் எழுந்துவிட்டேன். சைக்கிளைப் பூட்டினேனா என்று தெரியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். சைக்கிள் பூட்டியே இருந்தது. அதன் பக்கத்தில், அவள் பேசி முடித்திருப்பாள் என்று தோன்றும்வரை நின்றேன்.

திரும்பி வந்தபோது ரைட்டர் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். "மனுவா வாங்கிக்கிறேன். கேஸெல்லாம் இப்ப வேணாம். அவரையும் கூப்ட்டு வச்சுப் பேசுவோம். சார், நீங்க படிச்சவரு, எடுத்துச் சொல்லுங்க."

பேச்சுவார்த்தை மூன்று தடவை நடந்தது. அவள் நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விட்டு, கடைசியில்தான் உள்ளே வருவேன். ஒவ்வொரு தடவையும் மருமகன் இனிமேல் நல்லபடியாக நடந்துகொள்கிறேன் என்று எழுதித்தரத் தயாராக இருந்தார். ஒவ்வொரு தடவையும் என் மகள், "எழுதித்தர வேணாம். கேஸ் எழுதுங்க" என்றாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு காலையில் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். நான் அவளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ஆபீஸ் போவேன், சாயங்காலம் வந்து கூட்டிப் போவேன். பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்த காலம்போல.

ஏட்டு ஒருவர் என் காதுபடவே கிண்டலடித்தார். "என்னம்மா, டூட்டில சேந்துட்டியா? ஆஜர் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டியா?"

"குடுங்க, போடறேன்" என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டார். மற்ற போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். ஆனால் யாரும் எழுதவில்லை.

நான்காவது நாள் எழுதினார்கள். எதற்காக மனசு மாறியது என்று தெரியாது. சாயங்காலம் நான் போனபோது முதல் தகவல் அறிக்கையின் நகலை அவள் கையில் வைத்திருந்தாள். படிக்கக் கொடு என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் கொடுக்கவில்லை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வழக்கத்தைவிடவும் பேசாமல் வந்தாள். கேஸ் எழுதிவிட்டார்களே, இன்னும் என்ன என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

இப்போது கணவன் செய்கிற கொடுமைக்கென்றே சட்டத்தில் தனிப் பிரிவு வந்திருக்கிறது. அப்போது இல்லை. கொடுங்காயம் ஏற்படுத்தியதாகத்தான் வழக்கு. தெருவில் இரண்டு பேர் கழியால் அடித்துக்கொண்டால் போடுகிற அதே பிரிவு.

வழக்குப் பதிவான மறுநாள் மதியம் ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஒரு வரியை மாற்ற முடியுமா என்று கேட்கப் போனேன். என்னிடம் எத்தனையோ பேர் இப்படி வந்திருக்கிறார்கள். பிள்ளையின் பெயரில் எழுத்து தப்பு, பிறந்த நாள் தப்பு, கொஞ்சம் திருத்திக் கொடுங்கள் சார் என்பார்கள். எங்கள் பதிவேட்டில் ஒருமுறை எழுதினால் எழுதினதுதான். கோர்ட்டு தீர்ப்பு கொண்டுவந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம், வரியைத் தொட முடியாது. முப்பது வருஷமாக நான் சொல்லி அனுப்புகிற பதில் இது. ஆஸ்பத்திரியின் பதிவேட்டுக் குமாஸ்தாவும் என்னைத் தெரிந்தவர்தான்.

"சார், நீங்களே இப்படி வந்து கேட்டா?" என்றார். கோபமாக இல்லை, சங்கடமாக. "அந்த டாக்டரும் மாத்தலாகிப் போயிட்டாரு. கோர்ட்டுல கேப்பாங்க இல்ல, அப்ப சொல்லுங்க."

அப்போது சொல்ல வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நான்தான் பொய் சொன்னேன், என் மகள் வாயைத் திறக்கவே இல்லை என்று கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு அவள் சொல்வதை நம்புவதற்குத் தடையாக எதுவும் இருக்காது. இதை ஒரு விரதம்போலப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக வாய்தா வாய்தா என்று இழுத்தார்கள். எதிர்க்கட்சி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், மாஜிஸ்ட்ரேட் மாற்றல் என்பார்கள், ஆஸ்பத்திரி ரெக்கார்டு வரவில்லை என்பார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சைக்கிளில் போகும்போது அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஆஸ்பத்திரி நாளைப் பேச வேண்டிவரும். வேண்டாம், அன்றைக்குக் கோர்ட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு பரிசுப் பொருளை ஒளித்து வைத்திருப்பதுபோல. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த நாளும் வந்தது. அரசு வக்கீல் காலையில் ஐந்து நிமிஷம் எங்களோடு பேசினார். கேஸ் கட்டை அப்போதுதான் பிரித்தார் என்பது தெரிந்தது. "உள்ளதச் சொல்லுங்க, போதும்" என்றார்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். டவாலி கையை நீட்டித் தடுத்தார். "சாட்சிக்காரங்க ஒண்ணா இருக்கக் கூடாது சார். ஒங்களக் கூப்டறப்ப வாங்க."

இப்படி ஒரு முறை இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் அதை யோசித்ததில்லை. வராந்தாவில் நின்றேன். கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது. கதவு சாத்தியிருந்தது. அவள் குரல் குரலாக மட்டும் கேட்டது, சொல்லாகக் கேட்கவில்லை. அதற்கிடையில் வக்கீலின் குரல், டைப்ரைட்டர் சத்தம். ஒரு மணி நேரம் இருக்கும். வராந்தாவில் எத்தனையோ பேர் இருந்தார்கள், கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். என் மகள் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஊரில் யார்யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் வெளியே நின்றேன்.

என்னைக் கூப்பிட்டபோது அவள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்லி முடித்தவர்கள் உள்ளே இருக்கலாம். அவள் தலை குனிந்திருந்தது.

அரசு வக்கீல் கல்யாணம் எப்போது, தகவல் எப்படி வந்தது என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். அந்தக் காலத்து மனிதர், பிரெஞ்சு படித்தவர். மரியாதை தெரிந்தவர்.

"முசே, ஒங்களுக்கு முப்பது வருஷ சர்வீஸ். ஒங்க ரெஜிஸ்டர்ல இருக்கிறத வச்சுத்தான் இந்த ஊர்ல பாதிப் பேரு பொறந்ததே நிச்சயம். சரிதானே?"

கோர்ட்டில் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

"பயப்படாம சொல்லுங்க. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட காரணம் சொன்னது யாரு?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "நான்தான் ஐயா" என்றேன். "படியில விழுந்தான்னு நான்தான் சொன்னேன். அது பொய். மருமகன் வேலைக்கு ஆபத்து வரும்னு பயந்து சொன்னேன். என் பொண்ணு வாயத் தொறக்கவே இல்ல." சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து ஒரு கல் இறங்கினதுபோல இருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்திருந்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. ஓடுகிற பஸ்ஸின் முன்னால் யாரோ போய் நிற்பதைப் பார்க்கிற முகம் அது.

"அப்படியா" என்றார் வக்கீல். காகிதத்தை எடுத்தார். "ஒங்க பொண்ணு அர மணி நேரம் முன்னாடி இதே கூண்டுல நின்னு சத்தியம் பண்ணிச் சொன்னாங்க. 'படியில விழுந்தேன்னு டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன். எங்கப்பா ஒண்ணும் சொல்லல'ன்னு. ஒருத்தர் சொல்றதுதான் முசே நெஜமா இருக்க முடியும். ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றது?"

என் கைகள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டன. ஒன்றும் புரியாமல் நின்றேன், பிறகு எல்லாம் புரிந்தது. அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். என்னிடம் சொல்லாமலே.

"நான் சொல்றதுதான் நெஜம்."

"அப்ப ஒங்க பொண்ணு கோர்ட்டுல சொன்னது பொய்?"

மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்து, "பதில் சொல்லுங்க" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

டைப்ரைட்டர் அதை அடித்தது. என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவள் ஏறவில்லை. கால்வாய்ப் பாலம் தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அந்த ரைட்டர் சொன்னாரு. கேஸ் எழுதுன அன்னிக்கு. 'நீ கேஸ் போட்டா ஒங்கப்பன்தான் மாட்டுவான். டாக்டர்கிட்ட பொய் சொன்னது கவர்ன்மென்டு ஆளு. வேல போவும், பென்ஷன் போவும், யோசிச்சுக்க'ன்னாரு."

"அவரு சும்மா மெரட்டியிருப்பாரு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

அவள் நின்றாள். "நீயுந்தான் எங்கிட்ட கேட்டிருக்கலாம். டாக்டர் என்னத்தானே கேட்டாரு? நீ ஏம்ப்பா சொன்ன?"

வேலை, சஸ்பெண்டு, எனக்குப் பிறகு யார் என்றெல்லாம் மேலே எழுதினேனே, அதை நடுத்தெருவில் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளினேன்.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. காயம்பட்ட பெண்ணும் அவள் தகப்பனாரும் முக்கியமான விஷயத்தில் ஒருவருக்கொருவர் முரணாகச் சாட்சி சொல்லியிருப்பதால் அவர்கள் வாக்குமூலத்தை நம்பி எதிரியைத் தண்டிக்க இயலாது என்று வாசித்தார்கள். சந்தேகத்தின் பலன் அவருக்கு. எலும்பு உடைந்தது பற்றித் தீர்ப்பில் இருந்தது. யாரோ உடைத்தார்கள் என்பதுதான் இல்லை. மருமகன் இறங்கிப் போகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ரைட்டர் பயமுறுத்தியதற்கு மாறாக என் வேலைக்கு எதுவும் ஆகவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு அரசாங்கம்தான் போக வேண்டும், ஆனால் போகச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று அரசு வக்கீல் சொன்னார். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மனு எழுதுவதில் என் கை நன்றாக வரும், ஊரே சொல்லும். அவள் பெயரில், அவள் சொல்வதுபோல எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தேன். அவள் கடைசிவரை படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"'கட்டையால் அடித்தார்'னு எழுதியிருக்க."

"ஆமா."

"கட்டை இல்லப்பா. தோசைக்கல்லு."

நான் அவளையே பார்த்தேன். வீட்டுக்கு வந்த இத்தனை காலத்தில் அவள் ஒருநாள்கூட தோசை சுடவில்லை. மாவு ஆட்டினால் கை வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியலியேம்மா" என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே."

"இப்பச் சொல்லு. என்ன நடந்துச்சு அன்னிக்கு?"

அவள் யோசித்தாள். கோபமில்லை. களைத்துப்போயிருந்தாள். "ஸ்டேஷன்ல சொன்னேன். பேச்சுவார்த்தையில மூணு வாட்டி சொன்னேன். கோர்ட்டுல ஒரு மணி நேரம் நின்னு சொன்னேன். இன்னொரு வாட்டி என்னால முடியாதுப்பா. அங்க எழுதி வச்சிருப்பாங்க, வேணும்னா வாங்கிப் படிச்சுக்க. மனு வேணாம்."

வேண்டாம் என்று அவள் சொன்னதால் மனுவைக் கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது அவள் சொன்னபடி செய்தேன்.

அந்த வருஷமே அவளுக்குக் கனகசெட்டிக்குளத்தில் பால்வாடி ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள். குழம்பு வைக்கிறாள், என் சட்டைகளில் அறுந்த பொத்தானைத் தைக்கிறாள், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள். கூடவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறேன். பேசுகிறோம். பால்வாடிப் பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்கிறாள், சிரிக்கிறாள்கூட. பஸ் போன பிறகு வீட்டுக்கு வர மனசில்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன்.

அவள் சொன்ன வாக்குமூலத்துக்கு நகல் கேட்டு விண்ணப்பம் போட எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. போன மாதம் போட்டேன். நகல் பிரிவு குமாஸ்தா, "கேஸ் முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சே, எதுக்கு சார்?" என்று கேட்டார். சொந்த உபயோகத்துக்கு என்று எழுதினேன். முத்திரை குத்தி ஏழு பக்கம் கொடுத்தார். வீடு வரைக்கும் பொறுக்க முடியாமல், வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

டிபன் எடுத்து வைத்ததிலிருந்து தொடங்கியிருந்தாள். தோசை கருகிவிட்டது என்பதில் வந்த சண்டை. கல் சூடாக இருந்தது, அவர் துணியால் பிடித்துத் தூக்கினார். இதற்கு முன்னால் எத்தனை தடவை, எங்கெங்கே என்பதும் இருந்தது. முதல் தீபாவளிக்கு வந்தபோது வளையல் உடைந்து கீறிவிட்டது என்று என்னிடம் காட்டினாளே, அதுவும் அதில் ஒன்று. ஒரு கவர்ன்மென்டு பதிவேட்டின் தமிழில், யாரோ அடித்த எழுத்துப்பிழைகளோடு என் மகளின் கல்யாண வாழ்க்கை முழுக்க அதில் இருந்தது. ஐந்தாவது பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது:

"பக்கத்து வீட்டு அம்மாளிடம் என் தகப்பனாரைக் கூப்பிடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எதிரி கூடவே நின்றதால் யாரிடமும் எதுவும் சொல்லப் பயமாக இருந்தது. என் தகப்பனார் சைக்கிளில் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் வந்துவிட்டதால் எனக்குப் பயம் போய்விட்டது."

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. அதை நான் இதுவரை படிக்கவில்லை.